குழாய்க்குக் கீழே இரண்டு விரல்

காலை எட்டு மணி நாற்பது நிமிடம். கோவளம் கரையில் நான் முதலில் பார்த்தது, படகுக்காரர் வலையைத் தொடாமல் இறங்கி நடந்ததை. படகு மணலேறியதும் முதலில் கயிற்றைப் பிடிப்பவர் அவர்தான். அன்று ஈர லுங்கியோடு நேராக அடிபம்புக்குப் போனார். ஒரு கையால் அடித்து, மறு கையில் ஏந்தி ஏழெட்டு முறை குடித்தார். வாயைக் கொப்புளித்துத் துப்பிய பிறகுதான் என்னைக் கவனித்தார்.

"உங்க ஃபில்டரு சூப்பர் சார். கடலயே குட்சிட்டு வந்துகிறோம்."

படகில் இருந்த அந்தக் குடிதண்ணீர் ஃபில்டரை நானும் சேர்ந்துதான் பொருத்தியிருந்தேன். அதன் முதல் பயணம் அது.

அப்போது நான் இரும்புலியூரில் குடியிருந்தேன். பத்திரிகை அலுவலகத்தில் செய்தி மேசை வேலை. மதியத்துக்கு மேல் கிளம்பினால் போதும். அதனால் காலையில் மீன் வாங்குவது என் பொறுப்பு. மீன்கார அக்கா கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் என்று பஸ் மாறி, பதினோரு மணி வாக்கில் எங்கள் தெருவுக்கு வருவார். கூடையில் இருப்பது அவருடைய அண்ணன், அதாவது அந்தப் படகுக்காரர், கொண்டுவந்த மீன். அந்தப் படகில் நான்கு பேர் போவார்கள். நான்காவது ஆள் அக்காவின் கணவர்.

அந்த வருடம் கணவருக்கு இரண்டு முறை டைபாய்டு வந்தது. இரண்டாவது முறை நடுக்கடலில் காய்ச்சல் ஏறி, பாதி விரித்த வலையைச் சுருட்டிக்கொண்டு படகு திரும்பியது. அண்ணன் வேறு ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டார். காய்ச்சல் போய் ஒரு மாதம் ஆன பிறகும் அந்த ஆளே போய்க்கொண்டிருந்தார். கணவர் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொதிக்கவைத்த தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் அதில் சிக்கல் இல்லை. ஆனால் படகு மாலை மூன்று மணிக்குப் போனால் மறுநாள் காலைதான் திரும்பும். ஒரு பாட்டிலில் தனியாகக் கொடுத்து அனுப்பலாமே என்று நான் கேட்டேன். அக்கா என்னை விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். படகில் ஒரே டிரம், ஒரே குவளை. எஞ்சின் நின்றுபோய் இரண்டு நாள் கடலில் கிடக்க நேர்ந்தால் இது உன் தண்ணீர், இது என் தண்ணீர் என்ற பேச்சு வரக்கூடாது. தனித் தண்ணீர் கொண்டுவருபவனை எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள்.

முதல் காய்ச்சலுக்குப் பிறகு கணவர் படகில் போன ஒரு வாரம், அண்ணனிடம் கெஞ்சி, டிரம் முழுவதற்கும் வீட்டிலேயே வடிகட்டிக் கொடுத்தும் பார்த்திருக்கிறார் அக்கா. ஆனால் படகைத் தள்ளும்போது யாராவது கரைத் தொட்டித் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். கடலில் பக்கத்துப் படகிலிருந்தும் வாங்கி ஊற்றுவார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் குவளைக்கு வரும் முன் வடிகட்டப்பட வேண்டும். அப்படியென்றால் வடிகட்டி படகில்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் நாங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் இயந்திரம் ஒன்று வாங்கி, பழைய எவர்சில்வர் ஃபில்டரைப் பரணில் ஏற்ற இருந்தோம். அக்கா அதைப் பார்த்துவிட்டுப் படகுக்குக் கேட்டார். படகில் வைத்தால் முதல் அலையிலேயே உருண்டுவிடும் என்றேன்.

"கட்டி வெச்சா?"

கட்டினாலும் இரண்டு பாத்திரமும் பிரிந்து, மேலே உள்ள தண்ணீர் கீழே கலந்துவிடும் என்றேன்.

"பிரியாத மாதிரி கட்டு சார். நீ பேப்பர்ல எவ்ளோ எழுதுற."

நான் எழுதுவதில்லை, மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறேன் என்று சொல்லவில்லை. அடுத்த விடுமுறை நாளில் நானும் அக்காவின் கணவரும் தாம்பரம் மார்க்கெட்டில் மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் டிரம், ஒரு குழாய், ரப்பர் வாஷர்கள், இரண்டு புதுக் கேண்டில் வாங்கினோம். கேண்டில் என்பது ஃபில்டருக்குள் நிற்கும் வெள்ளைப் பீங்கான் உருளை. தண்ணீர் அதன் வழியாகத்தான் கசிந்து இறங்கும். மேல் டிரம்மின் அடியிலும் கீழ் டிரம்மின் மூடியிலும் ஒரே நேராகத் துளை போட்டு, கேண்டில்களின் திருகை இரண்டிலும் நுழைத்து, அடியில் நட்டு போட்டு முடுக்கினோம். இப்போது இரண்டு டிரம்மும் ஒரே உடம்பு. படகின் குறுக்குப் பலகையில் அதை வலைக்கயிற்றால் கட்டியது கணவர். அவர் போட்ட முடிச்சை நான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

கரையில் வைத்துச் சோதித்தபோது அரை மணி நேரத்தில் சொட்டு நின்றுபோனது. இரண்டு டிரம்மும் காற்றுப் போக வழியில்லாமல் மூடியிருந்தன. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி மேலே ஒன்று, கீழே ஒன்று எனச் சிறு துளை போட்டோம். அலைத் தண்ணீர் புகாமல் இருக்க சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டித் துளைமேல் மடல் போல ஒட்டினார் கணவர். சொட்டு மீண்டும் விழுந்தது. கணவரை ஒரு தடவை கூட்டிப்போகிறேன் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு தடவையில்தான் நால்வரும் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

அன்று காலை கரையில் அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். வலையை உதறியபடியே, நாளையிலிருந்து பழைய டிரம், பழைய ஆள் என்று சொல்லிவிட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு மீனைப் பொறுக்கினார்.

நான் படகில் ஏறி மூடியைத் திறந்தேன். கயிறு தளரவில்லை. வாஷர் நகரவில்லை. கடல் தண்ணீர் உள்ளே தெறித்திருந்தால் மடல் கிழிந்திருக்க வேண்டும். அதுவும் ஒட்டியபடி இருந்தது. கிளம்பும் முன் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அண்ணனே சொன்னார். அந்தப் படகில் புதிதாக எது ஏறினாலும், வலையோ எஞ்சினோ கயிறோ, முதலில் கடல் தண்ணீரில் குளிக்க வேண்டும். கயிற்றை அவிழ்த்து டிரம்மையும் குளிப்பாட்டினார். மேலே இரண்டு வாளி கடல் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, கீழ் டிரம்மின் மூடியையும் திறந்து ஒரு வாளி ஊற்றி, குழாயைத் திறந்து வடித்துவிட்டு, மறுபடி கட்டவைத்து நல்ல தண்ணீர் நிரப்பினார்.

"முழுசா வட்ச்சிட்டேன் சார். ஒரு சொட்டு இல்ல."

குழாய் டிரம்மின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. நான் வாங்கி நான் பொருத்திய குழாய். அதற்குக் கீழே உள்ள தண்ணீர் திறந்தால் வராது. போதாததற்கு, இரண்டு கேண்டிலும் கடல் தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போயிருந்தன. கயிற்றை அவிழ்த்து, டிரம்மைச் சாய்த்துக் காட்டினேன். மூலையில் தேங்கியிருந்ததில் அண்ணன் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

அக்கா அன்று கூடையைத் தூக்கவில்லை. விற்க வேண்டிய மீனை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"இன்னும் ஒரு தபா கூட்டினு போ."

அண்ணன் வழக்கத்தை விட முடியாது என்றார். குளிக்காத சாமான் படகில் ஏறாது; குளித்தால் உப்பாகிவிடுகிறது; அப்புறம் என்ன செய்ய?

"நீ கடல்ல முழுவுறியே, வாயத் தொறந்துகினா முழுவுற? மூடிகினுதான? அதையும் மூடிகினு குளிக்க வெய்யி."

பக்கத்துப் படகில் வலை உதறிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஒரு தபா என்றார். வர்ற வெள்ளிக்கிழமை.

நடுவில் மூன்று நாள் இருந்தது. அக்கா டிரம்மை வீட்டுக்குத் தூக்கிப்போய், கேண்டில்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, குடம் குடமாக நல்ல தண்ணீரை மேலே ஊற்றி வடியவிட்டார். ஒவ்வொரு குடத்துக்குப் பிறகும் டிரம்மைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை கொட்டினார். குடத்துக்கு ஒரு வாய் ருசி பார்த்தார். ஆறாவது குடத்தில் உப்பு இல்லை. இருந்தும் ஏழாவது குடம் ஊற்றினார் என்று கணவர் பின்னால் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை, போக முடியவில்லை. குழாயை முடுக்கி, மூடிமேல் பாலித்தீன் சுற்றி, வெளிப்புறமாக அண்ணன் மூன்று வாளி கடல் தண்ணீர் ஊற்றியதாகக் கேள்விப்பட்டேன். வாளி ஊற்றி முடியும் வரை அக்கா டிரம்மின் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லையாம்.

சனிக்கிழமை வார விடுமுறை. எட்டு மணிக்கே கரைக்குப் போனேன். அக்கா எனக்கு முன்னால் வந்திருந்தார். படகு எட்டு முப்பத்தைந்துக்கு மணலேறியது. அண்ணன் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார். வலை இறங்கி, மீன் இறங்கி, எஞ்சினைத் தூக்கி வைக்கும் வரை அடிபம்புப் பக்கம் யாரும் போகவில்லை. தண்ணீர் எப்படி இருந்தது என்று அக்கா கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"தண்ணி மாரி இருந்துச்சி சார்," என்றார் அண்ணன்.

நான் அங்கேயே இருந்துவிட்டேன். இரண்டரை மணிக்கு மாற்றாளாகப் போய்க்கொண்டிருந்தவர் வந்தார். அண்ணன் அவரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு படகு தள்ளி நின்ற வேறொரு படகுக்குப் போனார். கரைத் தொட்டியிலிருந்து யாரோ ஒருவர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து மேல் டிரம்மில் ஊற்றினார். அக்கா தடுக்கவில்லை. மூடியை மட்டும் இறுக்கினார்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் படகு கிளம்பியது. நான்கு பேர் ஏறினார்கள். கணவர் மூன்றாவதாக ஏறினார்.