ரெண்டு கோரா, நாலு கோரா

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டுல ஒரு பேக்டரில நான் மெயின்டனன்ஸ் பிட்டர். பம்பு, மோட்டாரு, வால்வு, எது மக்கர் பண்ணாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. அதுல எனக்குக் கொஞ்சம் திமிரு உண்டு, இல்லன்னு சொல்லமாட்டேன். "ஒரு ஸ்பேனரு குடு, எதை வேணா பிரிச்சு மாட்டிடுவேன்"னு கேண்டீன்ல உக்காந்துக்கினு பீத்திக்கிட்ட ஆளு நான். அந்தத் திமிரு மூக்கறுபட்டது பேக்டரில இல்ல. கவரைப்பேட்டையில, எங்க ஊட்டு டேபிள் மேல, ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னாடி.

என் பொண்டாட்டி மெக்கானிக்கல் டிப்ளமோ. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனில டிராயிங் போட்டுக்கினு இருந்தா. பொண்ணு பொறந்ததும் வேலைய உட்டுட்டா. அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. யாராவது இன்னா பண்றேன்னு கேட்டா "ஊட்ல சும்மாதான் இருக்கேன்"னு சொல்லுவா. அதைச் சொல்லும்போது அவ மூஞ்சியப் பாக்க என்னால முடியாது.

அப்பதான் அவகூட முன்னே வேலை பாத்த ஒரு அக்கா போன் பண்ணாங்க. அவங்க இப்போ, பேக்டரிங்களுக்குத் தண்ணி, கெமிக்கல் டேங்க் செய்யற ஒரு கம்பெனில டிசைன் இன்சார்ஜ். ஊட்லருந்தே டிராயிங் போட ஒரு ஆள் வேணுமாம். "ஒரு டேங்க்கோட கம்ப்யூட்டர் மாடல் அனுப்புறேன். அதுக்கு டிராயிங் ஷீட்டும், போட்டோ மாதிரி ஆறு படமும் எடுத்து அனுப்பு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. தாண்டிச்சுன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும், நான் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு கறாரா சொல்லிட்டாங்க. போனை வெச்சிட்டு இவ குதிச்ச குதி இருக்கே, கீழ் ஊட்டுக்காரங்க மேல வந்து பாத்துட்டுப் போனாங்க.

புது கம்ப்யூட்டர் வாங்க நமக்கு எங்க கட்டுப்படி ஆவுது? திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்துல, ஆபீசுங்க கழிச்சுக் கட்டின கம்ப்யூட்டருங்களை விக்கிற கடை ஒண்ணு கீது. அங்க ஒண்ணு எடுத்தோம். உள்ள இருந்தது ரெண்டு கோர் பிராசசர், அதாவது கணக்குப் போடற மூளை ரெண்டு. கடைக்காரர் நல்ல மனுஷன். "இதே போர்டுல நாலு கோரும் உக்காரும்பா. கூட ஒரு ஆயிரத்து ஐந்நூறு குடுத்தா போதும். ரெண்டையும் எடுத்துக்கினு போயி போட்டுப் பாரு. வேணாங்கறதைத் திங்கக்கிழமை கொண்டாந்து குடு"ன்னாரு. கூடவே பிராசசர் மேல தடவற பேஸ்ட் ஒரு சின்ன டியூபும் குடுத்தாரு.

ரெண்டுமே பழசுதான். ரெண்டு கோருல ஒவ்வொண்ணும் வேகம் ஜாஸ்தி. நாலு கோருல ஒவ்வொண்ணும் கொஞ்சம் நிதானம், ஆனா ஆளு நாலு. கேண்டீன்ல ரெண்டு பேரு பறந்து பறந்து சோறு போடறதும், நாலு பேரு நிதானமா போடறதும் மாதிரி. நான் ரெண்டு கோரு கட்சி. எனக்கு வேகமும் புடிக்கும், ஆயிரத்து ஐந்நூறும் புடிக்கும்.

"கும்பல் வந்தா நாலு கவுண்டர்தான்யா தாங்கும்"னு அவ சொன்னா. "படம் எடுக்கறது கும்பல் வேலை, எல்லா கோரும் பங்கு போட்டுக்கும்."

"அதெல்லாம் வாய்ல சொன்னா ஆச்சா? டைம் எடுத்துப் பாக்கலாம்"னேன்.

டிராயிங் ஷீட்டை எல்லாம் அந்த வாரமே ரெண்டு கோருல முடிச்சிட்டா. ஞாயித்துக்கிழமைக்குப் படம் மட்டும்தான் பாக்கி. காலைல நாஷ்டா முடிச்சு ஒம்போது மணிக்கு முதல் படத்தை ஓட உட்டோம், மாடலை வெச்சு கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு வரையும். போன்ல ஸ்டாப்வாட்ச். சரியா ஒரு மணி நேரம். பேக்டரில மிஷினுக்கு எழுதற மாதிரி நோட்டுல கட்டம் போட்டு எழுதினேன். "இதுலயே ஓட்டிடலாம்யா, மூணு மணிக்கு முடிஞ்சிடும்"னு அவ சொன்னா. நான் கேட்டாத்தானே? "முதல்ல டெஸ்ட்டு, அப்புறம் வேலை"ன்னு சட்டம் பேசினேன்.

பிராசசர் மேல சூட்டைத் தணிக்க ஒரு காத்தாடி பேன் உக்காந்து இருக்கும், நாலு பிளாஸ்டிக் காலோட. ஸ்க்ரூடிரைவர் உட்டு நெம்பினேன், வந்துடுச்சு. நாலு கோரை வெச்சு, பேஸ்ட் தடவி, பேனை மேல வெச்சு நாலு காலையும் அமுக்கினேன். ஒவ்வொரு கால் தலையிலயும் ஒரு அம்புக்குறி இருந்துச்சு. எங்க பேக்டரில அம்புக்குறின்னா அது கோர்ட்டு ஆர்டரு. மோட்டாரு மேல அம்பு காட்டற பக்கம்தான் சுத்தணும், பைப்பு மேல அம்பு காட்டற பக்கம்தான் தண்ணி ஓடணும். மாத்தி மாட்டி சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கினவன் நான். அதனால நாலு காலையும் அம்பு காட்டின பக்கமே திருப்பி உட்டேன், கெட்டியா இருக்கட்டும்னு.

அதே படத்தை ஓட உட்டோம். பத்தே காலுக்கு ஆரம்பிச்சது, பதினொண்ணே காலுக்கும் முடியல. பேன் வேற ஊளையிடுது. முடியும்போது மணி பன்னெண்டு! "பாத்தியா மே? நாலு பேரு சேந்து ஒருத்தன் வேலையக் கெடுத்துட்டானுங்க!"ன்னு நான் தொடையத் தட்டிச் சிரிச்சேன்.

அவ சிரிக்கல. விரல் உட்டு எண்ணிக்கினு இருந்தா. "இன்னும் அஞ்சு படம். திரும்ப ரெண்டு கோரு மாட்டினாலும் அஞ்சே கால் ஆயிடும். நாலு கோருன்னா ராத்திரி. உன் டெஸ்ட்டுல என் டெஸ்ட்டு போச்சுய்யா."

திட்டினா தாங்கிக்குவேன், அவ திட்டல. கம்ப்யூட்டரையே பாத்துக்கினு உக்காந்துட்டா. அஞ்சு வருஷம் கழிச்சு கைக்கு வந்த வேலைய நானே தட்டி உட்டுட்டேன். என்னை நானே அறையணும் போல இருந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவ ஏதோ ஒரு புரோகிராமைத் தொறந்தா. சூடு தொண்ணூத்தி எட்டு டிகிரின்னு காட்டுது. "மோட்டாருன்னா சூடாவத்தானே செய்யும்"னு நான் முணுமுணுத்தேன். அவ கம்ப்யூட்டரை ஆப் பண்ணி, ஒத்த விரலால பேனை ஆட்டிப் பாத்தா. ஆடற பல்லு மாதிரி ஆடுது!

"யோவ், இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"அம்பு பாத்துதான் திருப்பினேன்! சத்தியமா!"

போனை எடுத்து வீடியோ தேடினா. பாத்தா. திரும்பவும் ஒரு தடவை பாத்தா. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பு. அந்த அம்பு, கழட்டறதுக்காம். மாட்டும்போது அதைத் தொடவே கூடாதாம். நாலு காலையும் நானே கைப்பட லூசு பண்ணி வெச்சிருக்கேன். சூடு தாங்காம பிராசசர் தானாவே வேகத்தைக் கொறைச்சுக்கினு இருக்குது, பாவம்.

"எதை வேணா பிரிச்சு மாட்டிடுவியா நீ?"ன்னு கேட்டுக்கினே, மிச்சம் இருந்த பேஸ்ட்டைத் தடவி அவளே மாட்டினா. நாலு தடவை டக்கு டக்குனு சத்தம் கேட்டுச்சு. நான் கையைக் கட்டிக்கினு டார்ச் அடிச்சேன்.

ஒரு மணிக்கு ரெண்டாவது படம் ஓட ஆரம்பிச்சது. பேன் சத்தமே இல்ல. சூடு அறுவதைத் தாண்டல. முப்பத்தி நாலு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு! நான் போட்ட கூச்சல்ல தூங்கிக்கினு இருந்த எங்க பொண்ணு எழுந்து அழுதா.

அஞ்சு படமும் முடிய நாலு மணி ஆச்சு. செக் பண்ணி, போன் நெட்டுல அனுப்பி முடிக்கறப்ப நாலே முக்கால். நியாயத்தையும் சொல்லிடறேன். மாடலை மவுசால திருப்பிப் பாக்கறதுல ரெண்டு கோருதான் கொஞ்சம் வழுக்கிக்கினு போச்சு, அவளே ஒத்துக்கினா. "அதுல உன்னுது ஜெயிச்சுது, போ. எனக்குப் படம்தான்யா சோறு போடும்"னா. திங்கக்கிழமை திருவள்ளூர் போயி ரெண்டு கோரைக் குடுத்துட்டு, மூச்சு உடாம ஆயிரத்து ஐந்நூறை எண்ணி வெச்சிட்டு வந்தேன்.

புதன்கிழமை அந்த அக்கா போன் பண்ணி வேலை அவளுக்குத்தான்னு சொல்லிட்டாங்க.

மூணு மாசம் இருக்கும். எங்க பேக்டரிக்குப் புதுசா ஒரு டேங்க் வந்து எறங்குச்சு. அதை நிக்க வெச்சு மாட்டறது என் வேலை. டிராயிங்கைத் தரையில விரிச்சேன். கீழ் மூலையில, வரைஞ்சவங்க பேரு போடற கட்டத்துல ரெண்டே எழுத்து. என் பொண்டாட்டியோட இனிஷியல், மேல அந்த அக்கா கம்பெனி பேரு. எத்தினி வருஷமா டிராயிங் பாக்கறேன், அந்தக் கட்டத்தை ஒரு நாளும் படிச்சதில்ல. "இதை வரைஞ்சது என் பொண்டாட்டி சார்"னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். "வேலையப் பாருய்யா"ன்னாரு. அந்த ஷீட்டு மேல பூட்சு கால் படாம சுத்தி சுத்தி நடந்து வேலை பாத்தேன்.

சாப்பாட்டு நேரத்துல அவளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

அவ மெதுவா கேட்டா: "டேங்க் கால்ல பன்னெண்டு போல்ட்டு ஓட்டை குடுத்து இருந்தேனே. உக்காந்துச்சா?"

"பன்னெண்டும் உக்காந்துடுச்சு மே"ன்னேன்.