விளிம்பு வரை ஒரு கிண்ணம்

பிக்குன் அக்கா எங்கள் மிதக்கும் சந்தையில் இருபத்தாறு வருடமாகப் படகிலேயே அடுப்பு வைத்து நூடுல்ஸ் விற்கிறாள். கரையில் கால் வைத்தால் தலை சுற்றும் என்பாள். பக்கத்துப் படகில் மாம்பழம் விற்கும் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சாப்பிட வந்தவன் ரெண்டாவது கிண்ணம் கேட்காமல் எழுந்தால்தான் அவளுக்கு உண்மையிலேயே தலை சுற்றும்.

அந்த வாரம் அவளுடைய நூடுல்ஸ் சாறுப் பானை மூன்று முறை கவிழ்ந்தது. மூன்றுக்கும் காரணம் படகோட்டி ப்ரயூன் கிளப்பிய அலை. பழைய லாரி எஞ்சினைப் படகில் மாட்டிக்கொண்டு, சுற்றுலாக்காரர்களோடு எங்கள் கால்வாய் வளைவில் பறப்பான்.

நான்காம் நாள் அக்கா அவன் படகை மறித்தாள்.

"என்னக்கா, வழிய விடு. ஆறு பேர் உக்காந்திருக்காங்க."

"என் பானையும்தான் உக்காந்திருந்துச்சு. நீ விட்டியா?"

"நான் பூ மாதிரி ஓட்டுறவன்க்கா."

"அப்படியா? இந்தா."

ஒரு கிண்ணத்தில் விளிம்பு வரை சாறு ஊற்றி அவன் படகின் முனையில் வைத்தாள். "கோயில் படித்துறை வரைக்கும் போயிட்டு வா. ஒரு சொட்டு சிந்தலைன்னா நான் இன்னிக்கே கடையைக் கட்டிட்டு கரைக்கு ஏறிடுறேன். சிந்துச்சுன்னா, இந்த வளைவுல இனி யாரும் மோட்டார் போடக் கூடாது. எல்லார்கிட்டயும் நீதான் சொல்லணும்."

ப்ரயூன் மூங்கிலால் தள்ளிக் கிளம்பினான். "பாலம் தாண்டினதும் மோட்டார் போடுறேன் பாரு."

பாலம் தாண்டினான். சத்தமே இல்லை. பொறுக்காமல் நானே வாயால் "ட்ர்ர்ர்ர்" என்று கிளப்பினேன். அக்கா கரண்டியைக் காட்டினாள், அணைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வளைவில் தலைகாட்டினான். துடுப்பு போட்டு, வேர்த்து விறுவிறுத்து. பயணிகள் ஆறு பேரும் செருப்பால் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு ஓலைத் தொப்பி, மடி நிறைய இளநீர், வறுத்த வாழைப்பழம். மெதுவாக வந்ததில் வழியெல்லாம் வாங்கியிருக்கிறார்கள்.

கிண்ணம் தளும்பாமல் இருந்தது.

"ஒரு சொட்டு சிந்தலை. எண்ணிக்க."

அக்கா அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். கிண்ணங்களை அடுக்கினாள். படகின் கயிற்றை அவிழ்த்தாள். நான் கூடக் கேலி செய்யவில்லை.

"எங்கக்கா போற?"

"கரைக்கு. சொன்னா சொன்னதுதான்."

"இவங்களுக்குப் பசிக்குது."

"கரையில வந்து சாப்பிடச் சொல்லு."

ப்ரயூன் தலையைச் சொறிந்தான். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்தான். தாடை வழியே ஒரு கோடு இறங்கிப் பலகையில் சொட்டியது.

"ச்சே," என்றான். "சிந்திடுச்சே. எல்லார்கிட்டயும் நானே சொல்லிடுறேன்."

அக்கா அந்தச் சொட்டைப் பார்த்தாள். அப்புறம் கயிற்றை மறுபடி கட்டினாள்.

"அதுல மிளகாத்தூளே போடலைடா. அப்படியேவா குடிப்ப? கொண்டா இங்க."

அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். அன்றைக்கு ஏழு பேரும் ரெண்டாவது கிண்ணம் கேட்டார்கள். ப்ரயூன் மூன்றாவதும் கேட்டான்.