முனியாண்டிக்குக் கறிவேப்பிலைப் புகை

என் கொழுந்தனுக்குக் காதில் குரல் கேட்கத் தொடங்கியபோது எங்கள் தெருவில் ஒருவரும் பயப்படவில்லை. பெருமைப்பட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய பினாங்கு. டத்தோ கிராமாட்டில் ஒரு பலகை வீட்டில் நானும் என் கணவரும் அவருடைய தம்பியும் இருந்தோம். தம்பிக்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. தங்கமான பிள்ளை. ஒரு நாள் திடீரென்று, கரண்டுக் கம்பி வழியாகப் போலீஸ்காரர்கள் தன் பேச்சை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று சொல்லி வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டான். ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பதில் பேசினான். இன்றைக்கு டாக்டர்கள் அதற்கு மனச்சிதைவு என்று பெயர் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கள் தெருப் பூசாரி சொன்ன பெயர் முனியாண்டி.

"ஐயா எறங்கியிருக்காரு. சுருட்டெல்லாம் பத்தாதுலா, கஞ்சா கேக்குறாரு" என்றார் பூசாரி.

முனியாண்டிக்குச் சுருட்டும் கஞ்சாவும் படைப்பது வழக்கம்தான். கல்லுக்கு முன்னால் வைத்தால் கல்லை அது என்ன செய்யும்? இங்கே படையலை வாங்கி இழுத்தது மனிதப் பிள்ளை. இது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. என் கணவர் கப்பல்காரர்களிடம் வாங்கி, போலீஸுக்குப் பயந்து மடியில் கட்டிக்கொண்டு வருவார். சிலும்பியில் முதல் இழுப்பு பூசாரிக்கு. சாமிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சோதித்துப் பார்க்கிறாராம்!

வெள்ளிக்கிழமையானால் குறி கேட்கக் கூட்டம். காணாமல் போன கோழி, அடங்காத மருமகள், எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஆளுக்கொரு குறை. தம்பி காதுக்குள் கேட்கிற குரலைப் பார்த்து, "போடா நாயே, வாய மூடு!" என்று கத்துவான். உடனே பூசாரி, "கேட்டியா? ஒன் கோழிய நாய்தான் தூக்கியிருக்கு" என்பார். கோழிக்காரி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இத்தனை பேருக்கும் காப்பி போட்டு இடுப்பொடிந்தவள் நான்.

ஒரு மத்தியானம் தம்பி அடுப்படிக்கு வந்து அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அது சாமி இல்ல."

"பின்ன யாரு?"

"தெரியல. ஆனா சாமி இவ்வளவு அசிங்கமா பேசுமா? அத இழுத்தா கொஞ்ச நேரம் சொகமா இருக்கு. அப்புறம் ரெண்டு பேரு பேசுன எடத்துல இருபது பேரு பேசுறானுங்க. நேத்து எல்லாரும் சேந்து, கப்பல் நிக்கிற ஜெட்டியில போயி கடல்ல குதின்னு சொன்னானுங்க."

கணவர் வந்ததும் சொன்னேன். "சாமி குத்தம் ஆயிரும், சும்மா இரு" என்றார். அவருக்கும் பயம்தான், ஆனால் முனியாண்டியிடம் அதைவிடப் பயம்.

"கடல்ல குதிக்கச் சொல்றாரே ஒங்க ஐயா, அவரு வந்து நீஞ்சித் தூக்குவாரா?" என்று கேட்டேன். அவர் விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார். சரி, இந்த ஆம்பிளைகளை நம்பினால் பிள்ளையைக் கடலில்தான் தேட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை கஞ்சாப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததைக் கக்கூஸ் வாளியில் கொட்டினேன். அடுப்பில் போட்டால் தெருவே சாமியாடும். பதிலுக்குக் காய்ந்த கறிவேப்பிலையை நொறுக்கிப் புகையிலையோடு கலந்து கட்டி வைத்தேன். தம்பியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

பூசாரி ஆசையாக முதல் இழுப்பு இழுத்தார். கண் பிதுங்கிவிட்டது. இருமி இருமி விபூதித் தட்டைத் தட்டிவிட்டார். வீடெல்லாம் தாளித்த வாசனை. வாசலில் நின்ற ஒருத்தி, "என்னக்கா, ரசமா?" என்றாள். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா கோவமா இருக்காரு!" என்றார் பூசாரி, கண்ணீரும் மூக்குமாக.

அடுத்தடுத்த வெள்ளிகளிலும் ஐயாவுக்குக் கோபம் தணியவில்லை. கடைசியில், இந்த வீட்டுப் பொம்பளை சுத்தமில்லை என்று சொல்லி முனியாண்டி பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனார். பூசாரியும் கூடவே போனார். கணவர் கொஞ்ச நாள் நான் போட்ட காப்பியைத் தொடவில்லை. பெரிய நஷ்டம்!

தம்பிதான் பாவம். தூக்கமில்லாமல் எரிந்து விழுந்தான், தட்டைத் தூக்கி அடித்தான், "கொஞ்சமாச்சும் குடுங்கண்ணி" என்று அழுதான். காப்பியும் திட்டும்தான் கொடுத்தேன். ஜெட்டிப் பக்கம் போய்விடுவானோ என்று பகலெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரல்கள் அவனை முழுதாக விட்டுப் போகவே இல்லை, ஆயுசுக்கும்.

ஆனால் ஒரு நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டே பூசாரியை வைதுகொண்டிருந்தேன். தம்பி சிரித்தான். மூலையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

"என்னடா சிரிப்பு?"

"அவனுங்க இன்னும் இருக்கானுங்க அண்ணி. ஆனா மெதுவாத்தான் பேசுறானுங்க. நீங்க பேசுறது கேக்குது."

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. அதற்காக நிறுத்திவிடுவேனா? முந்தானையால் துடைத்துக்கொண்டு, பூசாரியின் பரம்பரையையே இழுத்து வைத்து, பொழுது சாயும்வரை திட்டினேன்.