ஒரு நீண்ட ‘ஆ’வும் என் கீழ்த்தாடையும்

முதல் அறிகுறி, பாட்டு முடிந்த பிறகும் என் வாய் மூடாமல் இருந்ததுதான். அதுவரை நோய் வந்திருப்பது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் முடியாது. பதுளையில் அந்த மண்டபத்துக்குள் அன்றைய சனிக்கிழமைப் பிற்பகலில் வாயைப் பிளந்துகொண்டிருந்தவர்கள் ஐந்நூறு பேராவது இருப்பார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பத்திரண்டு வயது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிகாலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று கத்திச் சொல்லி அனுப்புகிற உத்தியோகம். குரல் இருந்தால்தான் அதில் சோறு.

அந்த வயதிலும் அந்த உத்தியோகத்திலும் இருப்பவனுக்கு வரக்கூடாத ஒரு பலவீனம் எனக்கு இருந்தது. கொழும்பில் ஒரு ரொக் குழு, நான்கு பேர், தமிழில் பாடுவார்கள். ரேடியோவில் அவர்கள் பாட்டு வந்தால் சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும். எங்கள் ஊவா மாகாணத்துப் பக்கம் அவர்கள் வந்த ஒரு நிகழ்ச்சியையும் நான் விட்டதில்லை. மற்ற ரசிகர்கள் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு வருவார்கள். நான் வழுக்கையோடு போவேன்.

எனக்கு மிகவும் பிடித்த பாட்டில் பல்லவி முடியும் இடத்தில் ஓர் ‘ஆ’ வரும். பாடகர் கிட்டாரை உயர்த்திக் காட்டுவார். கூட்டம் முழுவதும் மூச்சுத் தீரும்வரை இழுக்கவேண்டும். அன்று மூன்றாவது தடவை இழுத்தபோது காதுக்கு முன்னால் ‘டொக்’ என்று கேட்டது. டிரம் என்று நினைத்தேன்.

பாட்டு நின்றது. எல்லோரும் வாயை மூடினார்கள். நான் மட்டும் மூடவில்லை. பாடகர் மேடையிலிருந்து பார்த்தார். முன்வரிசையில் ஒரு நடுவயதுக்காரர், கண்ணில் நீர் வழிய, வாய் திறந்தபடி சிலையாக நிற்கிறார். இப்படி ஒரு ரசிகனை அவர் எங்கே கண்டிருக்கப் போகிறார்? நெஞ்சில் கை வைத்து என்னைக் கும்பிட்டுவிட்டு, அதே பாட்டை மறுபடி தொடங்கினார்.

என்னோடு வந்தவர் நிசாம். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர். அவர் என் விலாவில் இடித்தார்.

“மச்சான், மூடு. ஆக்கள் பாக்குறாங்க.”

“ஆ,” என்றேன்.

“அது இப்ப இல்ல. இன்னும் பல்லவியே முடியல்ல.”

“ஆ! ஆ!”

என் சட்டையில் எச்சில் வடிவதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். வாசல்வரை ஜனங்கள் எனக்குக் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். நிசாம் விவரம் சொன்னார். டாக்டர் என் வாய்க்குள் பார்த்தார், பிறகு என் வழுக்கையைப் பார்த்தார்.

“நீர் பாட்டுக் கேக்கப் போனனீரோ, பாடப் போனனீரோ?”

பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

எனக்கு வந்திருந்தது தாடை மூட்டு விலகல் (கீழ்த்தாடை எலும்பின் குமிழ், காதுக்கு முன்னால் உள்ள தன் குழியிலிருந்து நழுவி, முன்பக்கம் போய் மாட்டிக்கொள்வது). டாக்டர் இரண்டு கட்டைவிரல்களிலும் துணியைத் தடிப்பாகச் சுற்றினார். தாடை திரும்பக் குழிக்குள் விழும்போது நோயாளி டாக்டரைக் கடித்துவிடுவது உண்டாம். கடைவாய்ப் பற்களின் மேல் விரல்களை வைத்து, கீழே அமுக்கிப் பின்னால் தள்ளினார். மறுபடி அதே ‘டொக்’. இந்த முறை அது டிரம் இல்லை என்று தெரிந்தது. வாய் மூடியது. மூடிய வாய் இவ்வளவு சுகமான இடம் என்று என் மனைவி பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறாள்.

“ஆறு கிழமை கவனம்,” என்றார் டாக்டர். “கொட்டாவி வந்தா கைமுட்டியை மடக்கித் தாடைக்குக் கீழ வையும். இன்னொருக்கால் நழுவிச்சுதெண்டால் அது பழகிப்போகும். பிறகு கண்டிக்கு அனுப்பி ஒப்பரேஷன்தான். பெரட்டில நிண்டு கத்திற வேலையையும் மறந்துவிடும்.”

உச்சந்தலையையும் தாடையையும் சேர்த்து வெள்ளைத் துணியால் ஒரு கட்டுப் போட்டார்கள். வாசகர்களில் யாருக்காவது இந்தக் கட்டு நேர்ந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். நம்மவர்கள் இப்படி ஒரு கட்டை ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் கட்டுவார்கள்; அப்போது அவர் எழுந்து நடப்பதில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சுளகைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

என் மனைவி மங்களம் ஓடவில்லை. சுற்றி வந்து பார்த்தாள்.

“நெத்தியில காசுதான் பாக்கி,” என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கஞ்சி வந்தபோது உப்பு அதிகமாக இருந்தது. நான் முழுவதையும் உறிஞ்சிக் குடித்தேன்.

நான்காம் நாள் பெரட்டுக்குப் போனேன். பெயர்களைக் கங்காணி வாசித்தார். நான் பல்லைக் கடித்தபடி ஓரிரு வார்த்தை பேசினேன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவனைப் பார்த்தால் எல்லாருக்கும் பயம். அந்த வாரம் ஒருவர்கூடப் பிந்தி வரவில்லை.

ஆனால் பெரட்டு என்பது விடிந்தும் விடியாத நேரம். இருநூறு பேர் குளிரில் நின்று கொட்டாவி விடுகிற இடம். ஒருவர் விட்டால் அடுத்தவருக்கு வரும் வியாதி அது. ஆறு வாரம் கொட்டாவி விடக்கூடாதவன் தினமும் அதற்கு நேர் எதிரே நிற்கவேண்டும்.

விஷயம் மூன்றே நாளில் வெளியே வந்துவிட்டது. கொழுந்து எடுக்கும் பெண்களில் முத்தம்மா என்பவளுக்கு நாக்கு நீளம்.

“கொட்டாவி விட்டா ஐயாவுக்குத் தாடை கழண்டுக்குமாம்டி!”

அடுத்த காலையில் இருபது பேர் என் முகத்துக்கு நேரே, வேண்டுமென்றே, ஒரே சமயத்தில் கொட்டாவி விட்டார்கள். எனக்கும் வந்தது. முட்டியைக் கொண்டுபோவதற்குள் காதடியில் ஏதோ அசைந்து, வலி மின்னியது. இரண்டு கைகளாலும் தாடையைத் தாங்கிக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன். கண்டியும் கத்தியும் கண்முன் வந்தன. சிரிப்பு நின்றது. மெதுவாக வாயை மூடிப் பார்த்தேன். மூடியது.

முத்தம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மற்றவர்களிடம் சொன்னாள்.

“இனிமே கொட்டாவி வந்தா அங்கிட்டுத் திரும்பி விடுங்கடி. இவரு வேலைய விட்டுப் போனா இன்னொருத்தன் வருவான். இவராவது நமக்குப் பழகிப்போனவரு.”

அன்றுமுதல் எங்கள் பெரட்டு ஒரு விசித்திரக் காட்சி. நான் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு வரிசையே திடீரென எனக்கு முதுகைக் காட்டும். சற்று நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பும். பார்க்க வந்த தோட்டத்துத் துரை, வேலைநிறுத்தம் என்று நினைத்துப் பயந்துபோனார்.

ஆறாவது கிழமை டாக்டர் என் வாய்க்குள் விரல்களை நிமிர்த்தி வைத்து அளந்தார். மூட்டு உறுதியாக இருக்கிறது என்றார். பெயர் கூப்பிடலாம். கத்துவதைக் குறைக்கவேண்டும்.

“பாட்டு?” என்று கேட்டேன்.

“ரெண்டு விரல் அகலத்துக்குப் பாடும். மிச்சத்தை மற்றவை பாடட்டும்.”

உடம்பு பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. முன்பு எனக்குத் தாடை இருப்பதே தெரியாது. இப்போது காதடியில் ஒரு காவல்காரன் எப்போதும் விழித்திருக்கிறான். கொட்டாவி வருவதற்கு ஒரு மூச்சு முன்பே எனக்குத் தகவல் வந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து அதே குழு பண்டாரவளைக்கு வந்தது. நிசாம் டிக்கெட் கொண்டுவந்தார். மங்களம் குறுக்கே நின்றாள்.

“நானும் வருவேன். அந்த எடம் வர்றப்ப ஓங்க தாடைக்கு நான் கை குடுப்பேன். சம்மதம்னா போகலாம்.”

அவளுக்கு அந்தக் குழு ‘கத்துற கூட்டம்’. காவலுக்குப் போகும் போலீஸ்காரர் முகத்தோடு என் பக்கத்தில் நின்றாள். பாட்டுத் தொடங்கியது. பல்லவி வந்தது. கிட்டார் உயர்ந்தது.

நான் இரண்டு விரல் அகலத்துக்கு வாயைத் திறந்து, கேத்தல் கொதிக்கிற அளவுக்கு ஒரு சத்தம் விட்டேன். தாடைக்குக் கீழே கை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

மங்களம் கண்ணை மூடிக்கொண்டு, வாயை முழுவதுமாகத் திறந்து, ஐந்நூறு பேரோடு சேர்ந்து ‘ஆ’ என்று இழுத்துக்கொண்டிருந்தாள். நான்கு விரல் தாராளமாகப் போகும். நான் என் வாயை மூடினேன். முட்டியை மடக்கி அவள் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அவள் மூடும்வரை மூச்சைப் பிடித்தபடி நின்றேன்.

அந்த ‘ஆ’ இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.