ஏழு தீவுகளும் ஒரு பீங்கான் பலகையும்

பிறருடைய பயணத்துக்குத் திட்டம் வகுப்பது ஒரு விசித்திரமான தொழில். பயணி வாயால் சொல்லும் ஊரைத்தான் நாம் எழுதிக்கொள்ள முடியும், மனத்தில் வைத்திருக்கும் ஊருக்குப் படிவத்தில் இடம் கிடையாது. இத்தொழிலில் என்னைப் போல் அவதிப்பட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். புவியியலில் எம்.ஏ. முடித்த நான், எழுபதுகளின் நடுவில், விருத்தாசலம் ஜங்ஷன் சாலையில் ஒரு பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் கிளையை நடத்தினேன். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களுக்கு மனு நிரப்பிக் கொடுப்பதே பெரும்பாலும் வேலை. ஊரார் அதைக் 'கப்பல் ஆபீஸ்' என்றார்கள். நான் அதுவரை ஒரு கப்பலையும் நேரில் பார்த்ததில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏழில் ஒன்று

காதர் பாய் பீங்கான் சாமான் கடை வைத்திருந்தார். ஒரே மகள் ஜமீலா டாக்டருக்குப் படித்து, மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனாள். அவள் திரும்பி வந்து மருத்துவம் பார்ப்பதற்காகக் கடையை ஒட்டி ஓர் அறை கட்டினார் பாய். வாசலில் மாட்டப் பீங்கானிலேயே ஒரு பெயர்ப்பலகை செய்வித்தார். வெள்ளைப் பரப்பில் நீல எழுத்து. மகளோ, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு சிறிய தீவில் டாக்டரே இல்லை என்று கண்டு, அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டாள். அறையில் சரக்கு அடுக்கினார்கள். பலகை வைக்கோலுக்குள் போயிற்று. ஆறு ஆண்டுகளாக பாய் மகளுக்கு ஒரு வரி எழுதவில்லை. அவள் பெயரை உச்சரிக்கவும் இல்லை. பேசியே தீர வேண்டியிருந்தால் 'அந்த டாக்டரம்மா' என்பார். அவள் வீட்டைத் தேடிப் போவதில்லை என்று கடைத்தெரு முழுவதற்கும் அறிவித்திருந்தார்.

தகப்பனை அறிந்த மகள் ஒரு வழி கண்டாள். கோடையில் ஏழு தீவுகளைச் சுற்றிவரும் பத்து நாள் உல்லாசக் கப்பலில் பெற்றோர் இருவருக்கும் இடம் பிடித்துச் சீட்டை அனுப்பினாள். ஐந்தாவது தீவு அவளுடையது. கப்பல் அங்கே ஆறு மணி நேரம் நிற்கும். பாய் அந்தத் தாள்களை என் மேசையில் வைத்துவிட்டு, நான் ஒன்றும் கேட்காதபோதே பதில் சொன்னார்:

"நான் தீவு பார்க்கப் போறேங்க. யாரையும் பார்க்கப் போவல. கப்பலு அங்க போயி நின்னா அதுக்கு நானா பொறுப்பு?"

மிதவெப்பம்

கப்பல் கம்பெனியின் விளக்கத்தாளை நான் தமிழாக்கினேன். 'மிதவெப்ப மண்டலத் தீவுகள்' என்று பாடநூல் வழுவாமல் எழுதினேன். பல்கலைக்கழகத்தில் அதற்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். விருத்தாசலத்தில் அதைப் படித்தவர், செராமிக் தொழிற்சாலையில் சூளை மேஸ்திரியாக இருந்த கோவிந்தசாமி. பாயின் நெருங்கிய நண்பர். "எங்க சூளையில தொள்ளாயிரம் டிகிரிதாம்மா மித வெப்பம். அதுக்கு மேலதான் சூடுன்னு சொல்லுவோம்" என்று அவர் விளக்கினார். அவருடைய ஆலோசனைப்படி பாய் நான்கு மல் ஜிப்பாக்கள் தைத்துக்கொண்டார்.

பிழை என்னுடையது என்று நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் பாயைக் கூப்பிட்டு, ஜூன் மாதத்தில் அங்கே பன்னிரண்டு டிகிரிதான் இருக்கும், கம்பளி உடை இல்லாமல் போகக்கூடாது என்று சொன்னேன். பாய் யோசனையில் ஆழ்ந்தார். பயணத்தைக் கைவிட ஒரு கண்ணியமான காரணம் கிடைத்ததோ என்று எனக்குப் பட்டது. கோவிந்தசாமிதான் வாய்விட்டுப் பேசினார்:

"பன்னண்டு டிகிரில பச்சை மண்ணு கூடக் காயாதே பாய், மனுசன் எப்படி இருக்கறது?"

உறவுமுறை

அந்நாளில் வெளிநாட்டுக்கு உல்லாசமாகப் போவதென்றால் அரசாங்கம் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கும். செலவை ஏற்பவர் யார், அவர் என்ன உறவு, பயணத்தின் நோக்கம் என்ன என்று படிவத்தில் மூன்று கட்டங்கள். நோக்கம் 'தீவுகளைப் பார்வையிடல்' என்றார் பாய். எழுதினேன். உறவுமுறைக் கட்டத்தில் பேனாவை வைத்ததும், "தெரிஞ்சவங்கன்னு போடுங்க" என்றார். பொய் எழுதமாட்டேன் என்றேன். "தெரியாதவங்களா அவங்க? தெரிஞ்சவங்கதானே?" என்றார். தர்க்கத்தில் குறை இல்லாததால் எழுதித் தொலைத்தேன்.

மூன்றாவது வாரம் படிவம் திரும்பி வந்தது. 'நெருங்கிய உறவினர் மட்டுமே' என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. இம்முறை பாயுடன் அவர் மனைவி மைமூன் பீவியும் வந்தார். புதிய படிவத்தில் அதே கட்டத்துக்கு வந்து நான் நிமிர்ந்தேன். பாய் சுவரில் தொங்கிய உலகப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மைமூன் பீவிதான் என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணுன்னு எழுதுங்கம்மா. அவரு வாயால சொல்ல மாட்டாரு, கையெழுத்து மட்டும் போடுவாரு."

மறையாத சூரியன்

குளிருக்குத் திட்டக்குடியிலிருந்து இரண்டு கம்பளிச் சட்டைகள் வந்து சேர்ந்ததும், பாய் வேறொரு தடையுடன் வந்தார். சூரியன் மறைந்ததும் தொழவேண்டிய மஃரிப், அந்தத் தீவுகளில் எத்தனை மணிக்கு? இது நியாயமான கேள்வி. என் படிப்புக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே மரியாதை என்றும் சொல்லலாம். அட்சரேகையைப் பார்த்துக் கணக்கிட்டு, பத்தரை மணிக்கு என்றேன். "ராத்திரி பத்தரைக்குச் சூரியனா? அப்படிப்பட்ட ஊருக்கு எப்படிம்மா போறது?" என்று கேட்டுவிட்டு, திருப்தியான முகத்துடன் எழுந்து போனார்.

மறுநாள் மைமூன் பீவி வந்து, ஏற்பாடுகளை நிறுத்த வேண்டாம் என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கணவரைத் தாமே அழைத்துப் போயிருக்கிறார்.

"'அந்தச் சூரியனையும் அவன்தானே படைச்சான், அவனுக்குத் தெரியாதா'ன்னு ஹஜ்ரத்து கேட்டாங்க."

ஆறு மணி நேரம்

இருவருக்குமாக ஒரு கால அட்டவணை தயாரித்தேன். எந்தத் தீவில் எப்போது இறங்கலாம், கப்பல் எத்தனை முறை ஊதும், ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே துறைக்கு வந்துவிட வேண்டும் என்பதையெல்லாம் சிவப்பு மையில் எழுதினேன். அதை வாங்க மைமூன் பீவி தனியாக வந்தார். ஐந்தாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு, கணவர் இறங்க மறுத்தால் தாம் மட்டும் இறங்கலாமா, அதற்கும் அவர் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டார். ஆறு ஆண்டுகளில் அவர் யாரிடமும் கேட்டிராத கேள்வி என்று தோன்றியது. வேண்டாம், உங்கள் சீட்டு உங்கள் பெயரில் இருக்கிறது, உங்கள் கால் உங்களுடையது என்றேன்.

"அப்ப அந்தச் சீட்டைத் தனியா குடுத்துடுங்க. எங்கிட்டயே இருக்கட்டும்."

வைக்கோல் பெட்டி

கப்பல் ஏற இங்கிலாந்து வரை போகும் விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோவுக்கு மேல் கூடாது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பெட்டிகளை அலுவலகத்துக்கே கொண்டுவரச் சொல்லி நிறுத்துப் பார்த்தேன். அதிகம். பாயின் மடியில் தட்டையான ஒரு மரப்பெட்டி. நான்கு பக்கமும் வைக்கோல் எட்டிப் பார்த்தது. உள்ளே என்ன என்றேன். வெள்ளைக்காரர்களுக்குக் காட்ட மாதிரிக் கோப்பைகள் என்றார். கோப்பையை விட்டுவிட்டுக் கம்பளியைக் கொண்டுபோங்கள் என்றேன். அவர் ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியை மேலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கயிறு கட்டிக் கொடுக்க உடன் வந்திருந்த கோவிந்தசாமி, பாய் வெளியே போனதும் என் பக்கம் குனிந்தார்:

"நாந்தாம்மா அதைச் சூளையில வச்சு எடுத்தேன். கோப்பையில எங்கனா எம்.பி.பி.எஸ்.னு எழுதுவாங்களா?"

கம்பெனியின் கடிதம்

ஜூலையில் கப்பல் கம்பெனியிடமிருந்து சென்னைத் தலைமை அலுவலகம் வழியாக ஒரு கடிதம் வந்தது. என் பயணிகள் இருவர் ஐந்தாவது துறையில் இறங்கி, கப்பல் மும்முறை ஊதியும் திரும்பவில்லை; அவர்களுடைய பெட்டிகளை அடுத்த துறையில் இறக்கி அனுப்ப நேர்ந்தது; பயணிகளுக்கு முன்கூட்டியே அறிவுறுத்துவது முகவரின் கடமை. எனக்கு வந்த கோபம் சிறிதன்று.

ஆகஸ்டில் இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். விளக்கம் கேட்டேன். முதல் நான்கு தீவுகளிலும் பாய் குளிர் என்று சொல்லி அறையை விட்டே நகரவில்லையாம். ஐந்தாவதில் இறங்குபடி போட்டதும் முதலில் இறங்கியவர் அவர்தானாம், மரப்பெட்டியோடு. மிச்சத்தை மைமூன் பீவி ஒரே மூச்சில் சொன்னார்: "நீங்க சொன்னாப்பல ஒரு மணி நேரம் முன்னயே செருப்பு மாட்டிட்டு நிக்கிறேன். கப்பலு ஊதுது. ஊதுதுங்க, ஊதுதுங்கன்னு கத்துறேன். இவரு அவ வூட்டு வாசல்ல நாற்காலி மேல ஏறிக்கிட்டு, 'ஊதட்டும்டி, ஆணி இன்னும் எறங்கல'ங்கிறாரு. அந்த ஊருல சொவரெல்லாம் கருங்கல்லு. அவ நாற்காலியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. அவளும் போங்கன்னு சொல்லல."

நான் விடவில்லை. எஞ்சிய இரண்டு தீவுகளைப் பார்க்காமல் வந்ததற்கு என்ன சொல்கிறீர்கள், தமிழில் எழுதிய பலகையை அந்த ஊரில் யார் படிப்பார்கள் என்று பாயையே கேட்டேன். தீவுகளைப் பற்றிய கேள்வி அவர் காதில் விழவில்லை.

"ஜமீலாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமேம்மா."

பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தை அதன்பின் நான் யாருக்கும் பேனாவால் நிரப்பியதில்லை, பென்சில்தான்.