மகாராணிக்குப் பஞ்சு வைத்துத் தைத்தேன்

மகாராணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் சங்கத்தில் கேட்டார்கள். விழா மலரில் போட வேண்டுமாம். நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தேன், அச்சாகியும் வந்துவிட்டது. அதில் இருப்பது எதுவும் பொய் இல்லை. அதில் இல்லாதது என் நெஞ்சுக்குள் கிடந்து குடைகிறது. எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மகாராணி என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். அரண்மனை எதுவும் கிடையாது. பஸ் நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று மைக்கில் சொல்கிற வேலை அவளுக்கு. இருபத்திரண்டு வருடமாக அதே கூண்டு. நாற்காலி மட்டும் நாலு தடவை உடைந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பள்ளிக்கூட நாடகத்தில் மற்ற பிள்ளைகளுக்கு இளவரசி வேஷம், தோழி வேஷம் கொடுத்துவிட்டு இவளுக்குச் சாம்பல் நிறத் துணியைப் போர்த்திப் பாறையாக உட்கார வைத்தார்களாம். "முழு நாடகத்துக்கும் அசையாம இருந்தேன் தெரியுமா? அந்த இளவரசி ரெண்டு தடவை வசனத்த மறந்தா" என்பாள். கட்டினவன், கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் நிற்காதே என்று சொன்னான். ஒருநாள் அவன் பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். கட்டில் முழுக்கத் தனக்கே கிடைத்தது என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் டெய்லர். கடையின் பின்பக்கம், சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மெஷின், ஒரு டியூப் லைட், ஒரு நான். இடுப்பு நாற்பத்தெட்டு அங்குலம். ஊரில் இருக்கிற ஒல்லிப் பெண்களுக்கெல்லாம் இடுப்பைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஜன்னல் திரைத் துணியில் அங்கி தைத்துப் போட்டுக்கொண்டவள். வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வருவேன், பின்வாசல் வழியாகப் போவேன். அப்படி வரும்படி யாரும் சொல்லவில்லை. நானாகத்தான்.

ஒருநாள் கடையில் ஒரு குரல். பஸ் நிலையத்துக் குரல் என்று கேட்டதுமே தெரிந்தது.

விற்பனைப் பெண் சொன்னாள், "மேடம், உங்க சைஸ் எங்ககிட்ட கிடையாது."

"அம்மாடி, என் சைஸ் எங்கிட்ட பத்திரமா இருக்கு. துணிதான் உங்ககிட்ட இல்ல. வெக்கப்பட வேண்டியது நீங்க. நான் ஏன் தலையக் குனியணும்?"

என் மெஷின் தானாக நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். "அடடே, நம்ம ஆளு! உள்ள ஒளிச்சு வச்சிருக்காங்களா உன்ன?" என்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நான் அவள் வால்.

டிரைவிங் ஸ்கூல் மாடியில் ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது எங்கள் சங்கத்துக்கு. பதினொரு பேர், எல்லாரும் பெரிய உடம்புக்காரிகள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உடை போட்டு மேடையில் நடந்து காட்டுகிற எங்கள் நிகழ்ச்சிக்கு ஒத்திகை தொடங்கும் முதல் நாள், ஒவ்வொருத்தியாக நடுவில் வந்து நிற்க வேண்டும். நான் டேப்பைச் சுற்றுவேன். இடுப்பு எத்தனை அங்குலம் என்று அவளே உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்டி விசிலடிப்பார்கள். வாழ்நாள் முழுக்க வாய்க்குள் மென்று விழுங்கின எண்ணை அப்படிக் கத்திச் சொல்லும்போது என்ன சுகம் தெரியுமா! முதல் ஆள் எப்போதும் மகாராணிதான். "அம்பத்தி ரெண்டு!" என்பாள், பஸ் கிளம்புகிற மாதிரி.

முதல் நிகழ்ச்சிக்குப் பதினொரு உடையும் நான்தான் தைத்தேன். மேடைக்குப் போகும் முன் திரைக்குப் பின்னால் நின்று, "என்னால முடியாது, என்ன விட்டுடு" என்று அழுதேன். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "தரையில உனக்கு என்னடி வேலை? நேராப் பாரு. விழுந்தா நான் வந்து பக்கத்துல விழறேன், ரெண்டு பேரும் சேர்ந்து மேடைய உடைச்சிடலாம்" என்றாள். சிரித்துக்கொண்டே நடந்துவிட்டேன். முந்நூறு பேர் எழுந்து நின்று தட்டினார்கள். மறுநாள் காலை கடைக்கு முன்வாசல் வழியாகப் போனேன். ஒருவாரம் கழித்து, என் மெஷினை ஜன்னல் ஓரமாகப் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன், போட்டார். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அது மறுபிறவி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரைக்கு அடங்கவில்லை. இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டால் நல்லது என்று டாக்டர் சொன்னார். ஒரு தாளில் வயிற்றை வரைந்து, "பெரிசா கிழிக்க மாட்டோம்மா, இந்த அஞ்சு இடத்துல சின்னச் சின்ன ஓட்டை, அவ்வளவுதான்" என்று ஐந்து புள்ளி வைத்துக் காட்டினார். தேதியும் கொடுத்தார். வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் ஏதோ குற்றம் செய்கிற மாதிரி இருந்தது. மகாராணியிடம் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை, அழுதாள். அதுதான் என்னைக் கவிழ்த்தது. "நீயே போயிட்டா மத்தவங்க கதி என்ன? உன்னப் பாத்துத்தானே அவங்க மேடையேறுறாங்க? கத்திரிய துணிமேல வைடி, வயித்துமேல வைக்காத" என்றாள். நான் உருகிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். "நீ பயப்படாத, நான் பேசிக்கிறேன்" என்று டாக்டர் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு நன்றி வேறு சொன்னேன், இளிச்சவாய் நான்.

கொஞ்ச நாளில், தங்கச்சி வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். திரும்பி வந்தபோது பெரிய நிகழ்ச்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பெரிய அளவு உடைகள் விற்கிற ஒரு கம்பெனி மண்டபத்தை எடுத்துக் கொடுத்திருந்தது. தங்கள் விளம்பரத்துக்கு மகாராணியின் முகத்தைப் போடுவதாகவும் பேச்சு. அளவு சொல்லும் நாள் வந்தது. டேப்போடு அவள் முன்னால் போய் நின்றேன்.

"என் நம்பர்தான் ஊருக்கே தெரியுமே, அடுத்த ஆளப் பாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பழைய அளவிலேயே அவள் கவுனை வெட்டினேன். போட்டுப் பார்த்த முதல் நாள் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் தொங்கியது. கை தவறிவிட்டது என்று நினைத்து உள்ளே பிடித்தேன். அடுத்த ஞாயிறு இன்னும் ஓர் அங்குலம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. எங்கள் கூட்டத்தில் காரணமில்லாமல் ஒருத்தி இளைத்தால் எங்களுக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான், பெரிய வியாதி. சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு வாயோடு தட்டைத் தள்ளி வைப்பாள். வீட்டிலிருந்து சூப் வைத்து எடுத்துக்கொண்டு போவேன், நாலு ஸ்பூனோடு மூடி வைத்துவிடுவாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்குத் தெரியாமல் ஒவ்வொரு வாரமும் கவுனைப் பிடித்துத் தைத்தேன். தான் கரைந்துகொண்டிருப்பது தெரிந்தால் பயந்துவிடுவாளே என்று, போட்டுப் பார்க்க வரும்போது உடை எப்போதும் கச்சிதமாக நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து, "அப்படியே பொருந்துது பாரு!" என்று சொல்வேன்.

நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. மாடி அறையில் நாங்கள் இருவர் மட்டும். கவுனைத் தலைவழியாகக் கழற்றும்போது உள்சட்டையும் சேர்ந்து மேலே ஏறியது. வயிற்றில் ஐந்து தழும்பு. இளஞ்சிவப்பாக, சட்டைப் பொத்தான் அளவில். அதே ஐந்து இடம்.

அவள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"மூட்டு தேஞ்சு போச்சுடி. அந்தக் கூண்டுக்கு ஆறு படி. அதுல ஏற முடியல. நான் என்ன பண்ணட்டும்?"

"செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே இல்லயே. எங்கிட்ட ஏன் சொல்லல? உன்கூட வந்து நான் படுத்திருப்பேனே!"

"சொன்னா சேதி மத்தவங்களுக்கும் போயிடும். கம்பெனிக்காரன் காதுக்கும் போயிடும்."

"எந்த ஆஸ்பத்திரி?"

அவள் கவுனை மடிக்கத் தொடங்கினாள். எனக்குள் ஏதோ சட்டென்று கணக்குப் போட்டது. தங்கச்சி வீட்டுக்குப் போன வாரம் எது, எனக்குக் கொடுத்த தேதி எது.

"என் தேதியா?"

"நீதான் வேண்டாம்னுட்டியே" என்றாள், மெதுவாக. "கேன்சல் பண்ணத்தான் போன் பண்ணேன், சத்தியமா. போன எடுத்த ஆஸ்பத்திரிப் பொண்ணு, வேற யாராச்சும் இருக்காங்களானு கேட்டா. அந்தத் தேதி சும்மாதானே போயிருக்கும்?"

அடிப்பாவி! இவள் அழுது அழுது என்னைத் தடுத்தாளே, அந்த அழுகை எது? சீட்டை வாங்கும்போதே நினைத்துக்கொண்டு வாங்கினாளா, வாங்கினபிறகு நினைத்தாளா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இதற்குப் பிறகு நான் மறுபடி போய்க் கேட்டபோது எட்டு மாதம் கழித்துத்தான் தேதி என்றார்கள். இப்போதே சர்க்கரை ஏறிக் கால் விரல்கள் மரத்துப்போய்விட்டன. மெஷின் மிதியை மிதிக்கிறேனா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

கத்தித் தீர்த்தேன். துரோகி என்றேன். இன்னும் எழுத முடியாததெல்லாம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் கவுனை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"பஞ்சு வச்சுத் தைச்சுக் குடு. இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும். எனக்காக வேண்டாம், நம்ம பொண்ணுங்களுக்காக. நான் இப்படிப் போய் நின்னா அவங்க உடைஞ்சு போயிடுவாங்கடி."

தூக்கி அவள் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. மற்ற பெண்களுக்காக என்று சொன்னால் நானும் அவளைப்போலப் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். எனக்காகத்தான். அவள் பொய் என்று ஊருக்குத் தெரிந்தால், நான் நடந்த நடை, ஜன்னல் ஓரத்து மெஷின், முன்வாசல் எல்லாமே பொய்யாகிவிடும் என்று பயந்தேன். மறுபடி பின்வாசலுக்குப் போக என்னால் முடியாது.

தைத்தேன். லைனிங்கைப் பிரித்து, வயிற்றில் மூன்று அடுக்கு, இடுப்பில் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று பஞ்சு விரித்து, நகர்ந்துவிடாமல் கட்டம் கட்டமாகத் தையல் போட்டேன். கை இளைத்தது தெரியாமலிருக்க முழுக்கை வைத்தேன். குனிந்தாலும் திரும்பினாலும் சதை மாதிரியே அசைந்தது. சொல்லக் கூடாது, நான் செய்த வேலையிலேயே அதுதான் நல்ல வேலை.

நிகழ்ச்சியன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மகாராணி கடைசியாக நடந்தாள். நடுமேடையில் நின்று மைக்கை வாங்கி, அந்தக் குரலில் சொன்னாள்: "என் இடுப்பு அம்பத்தி ரெண்டு! ஒரு அங்குலம்கூட யாருக்காகவும் குறைக்க மாட்டேன்!" பெண்கள் எழுந்து நின்று அழுதார்கள். திரைக்குப் பின்னால் நான் ஊசியும் நூலுமாக நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து உடைகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் திரைக்குப் பின்னால் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், என் கனம் இருப்பாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்கதானே அவங்களுக்கு டெய்லர்?"

"ஆமாம்மா."

"எனக்கு அடுத்த செவ்வாக்கிழம ஆபரேஷன், வயித்துல. சுகர் ரொம்ப ஏறிடுச்சு, இதான் வழின்னு டாக்டர் சொல்றார். ஆனா இவங்களப் பாத்தா வேண்டாம்னு தோணுது. இப்படியே தைரியமா இருந்துடலாம்னு தோணுது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க நெஜமாவே அப்படித்தானேக்கா? ஒண்ணும் செஞ்சுக்கலயே?"

பாதி விலகியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் மகாராணி நாலு பேரோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். இந்தக் கேள்வி அவள் காதில் விழுந்தது. சிரித்த முகம் மாறாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

போய்ச் செஞ்சுக்கோம்மா, செவ்வாய்க்கிழமையைத் தவறவிடாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"நானே அளவெடுத்துத் தைச்சேன்மா" என்றேன். "அம்பத்தி ரெண்டுதான்."

அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்றபடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.