முதலாளிக்கு அடங்காத மவுஸ்

சியூலுவான் எதையும் பதறிச் செய்கிறவள் அல்ல. சின்சுவாங் ஊர்ச் சந்துகளில் அவள் ஸ்கூட்டரில் போனால் சைக்கிள்காரன் மணியடித்து முந்திக்கொண்டு போவான். அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் மவுஸ் தொழிற்சாலையில் அவளுக்கு ஆமை என்று பெயர். கூப்பிட்டால் அதற்கும் திரும்பிப் பார்ப்பாள், ஆனால் மெதுவாகத்தான்.

மவுஸைச் செய்வது கீழ்த்தளத்துப் பெண்களின் வேலை. அதன் அசைவைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் டிரைவர் புரோகிராமை எழுதுவது மாடியில் அவள் ஒருத்தியின் வேலை. அதுவும் அசெம்பிளி என்ற கம்ப்யூட்டர் மொழியில். எந்த எண்ணை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் அந்த மடச் சாம்பிராணி இயந்திரம் நகரும்.

அவள் கையில் திரையின் அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்டது. முதலாளி சுவாங் தொட்டால் பேயாடியது. அவர் வலப்பக்கம் இழுத்தார். அம்பு இடப்பக்கம் ஓடி ஓரத்தில் முட்டிக்கொண்டது.

"என்னம்மா, என்னைக் கண்டா ஓடுது? வெள்ளிக்கிழமை மவுஸ் வாங்க டச்சுக்காரர் வர்றாரு. அதுக்குள்ள சரியாகலைன்னா டிரைவரை வெளியில வாங்கிக்கறேன். நீ கீழ போய் பேக்கிங் பாரு."

"என் கையில நல்லாத்தான் ஓடுது, முதலாளி."

"அப்ப ஒவ்வொரு மவுஸோடயும் உன் கையையும் பெட்டியில வெச்சு அனுப்பவா?"

சியூலுவான் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். வயரை மாற்றினாள், கம்ப்யூட்டரையே மாற்றினாள், எழுதியதை வரிவரியாகப் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் முதலாளியின் ரப்பர் செருப்பு உடம்பில் மின்சாரம் ஏற்றி மவுஸைக் குழப்புகிறதோ என்று அதன் மேல் சந்தேகம் வந்தது. அவரும் பாவம், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்று இழுத்தார். அம்பு அப்போதும் ஓடியது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பார்க்கவில்லை. பேக்கிங் வேலை கேவலமில்லைதான். ஆனால் அவள் எழுதியதை எடுத்தெறிந்துவிட்டு வேறு யாரோ எழுதியதைப் பெட்டியில் போடுவார்களே என்று நினைத்தால் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வியாழன் மதியம் முதலாளியம்மா சாப்பாட்டுப் பெட்டியோடு மாடிக்கு வந்தார். பெட்டியை வைக்க மேசையில் இடமில்லை. புறங்கையால் மவுஸை வெடுக்கென்று வலப்பக்கம் தள்ளினார். அம்பு இடப்பக்கம் பாய்ந்தது.

"மறுபடி தள்ளுங்கம்மா."

"எதைடி?"

"மவுஸை. அதே மாதிரி."

தள்ளினார். மறுபடி இடப்பக்கம்.

"இப்ப மெதுவா."

அம்பு வலப்பக்கம் சமர்த்தாக நகர்ந்தது.

சியூலுவான் தலையில் அடித்துக்கொண்டாள். மவுஸ் நகரும் தூரத்தை அவள் ஒரே பைட்டில், கம்ப்யூட்டர் நினைவின் ஒரே ஒரு சிறு கட்டத்தில், கூட்டிக்கொண்டிருந்தாள். அதில் நூற்று இருபத்தேழு வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்று கூடினாலும் எண் மைனஸாக மாறி, அம்பு எதிர்த்திசையில் ஓடும். அவள் இழுக்கிற இழுப்புக்கு அந்த எல்லை எட்டவே எட்டாது. ஊரில் மற்றவர்கள் வெடுக்கென்றுதான் இழுக்கிறார்கள். மவுஸ் உடைந்துவிடும் என்று பயந்து அவள் முதலாளியைத் தவிர யாரையும் அந்த மேசைப் பக்கம் சேர்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூட்டலை இரண்டு பைட்டுக்கு மாற்றினாள்.

"சோறு ஆறுதுடி."

"இருங்கம்மா. இதை இழுங்க."

முதலாளியம்மா பயந்து பயந்து நகர்த்தினார்.

"அப்படி இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் மேல இருக்கற கோவத்தையெல்லாம் வெச்சு இழுங்க."

அவர் இழுத்த இழுப்பில் சாப்பாட்டுப் பெட்டி கவிழ்ந்து, வறுத்த இறைச்சித் துண்டு தரையில் விழுந்தது. அம்பு வலது ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

சியூலுவானுக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னும் வேகமா, அம்மா," என்றாள். "உடைஞ்சாலும் பரவாயில்ல."